அரசு ஊழியர் சம்பளம் எந்தச் சட்டத்தில் இருக்கிறது? ஊதியக் குழு சொன்னால் அரசு கொடுத்தே ஆக வேண்டுமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஊதியக் குழு பரிந்துரைக்கத்தான் முடியும். அதை ஏற்பதும், குறைப்பதும், தள்ளிப்போடுவதும் அரசின் கையில் இருக்கிறது.

சட்டம் என்று கேட்டால், இளநிலை உதவியாளருக்கு இவ்வளவு, ஆசிரியருக்கு இவ்வளவு என்று சட்டமன்றத்தில் நிறைவேற்றிய சட்டம் எதிலும் எழுதியிருக்காது. ஒன்றிய அளவிலான ஒரு கல்வி அலுவலகத்தில் சம்பளப் பில்லும் ஆசிரியர்களின் எஸ்.ஆர். என்கிற பணிப்பதிவேடும் பார்க்கும் சீட்டில் பல வருடம் இருந்தவன் நான். என்னிடம் இதைக் கேட்காத ஆசிரியர் குறைவு.

அடிப்படை, அரசியலமைப்பின் 309-ஆவது பிரிவு. அரசு ஊழியர்களின் நியமனத்தையும் பணி நிபந்தனைகளையும் சட்டமன்றம் சட்டம் போட்டு ஒழுங்குபடுத்தலாம், அதுவரை ஆளுநர் விதிகள் வகுக்கலாம் என்கிறது அது. மத்திய அரசு ஊழியர் என்றால் ஆளுநர் இடத்தில் குடியரசுத் தலைவர். தமிழ்நாட்டில் 2016-இல் பணி நிபந்தனைகளுக்கென்று ஒரு சட்டம் வந்தது. ஆனால் ஊதிய விகிதம் மட்டும் இன்றைக்கும் விதிகளாகத்தான் வருகிறது. நிதித்துறையின் ஊதியப் பிரிவு தயாரிக்கும், அமைச்சரவை ஒப்புக்கொள்ளும், 'ஆளுநரின் ஆணைப்படி' என்று செயலர் கையெழுத்தோடு அரசாணை வெளியாகும். சட்டமன்றம் மானியக் கோரிக்கையில், அதாவது துறை வாரியாகச் செலவுக்குப் பணம் கேட்கும்போது, மொத்தப் பணத்துக்கு ஒப்புதல் தருகிறது. எந்தப் பதவிக்கு எந்த விகிதம், எந்தத் தேதியிலிருந்து என்பது அங்கே வாக்கெடுப்புக்கு வருவதில்லை.

சட்டமன்ற உறுப்பினர்களின் சம்பளத்துக்கு 195-ஆவது பிரிவின்படி சட்டமே வேண்டும். உயர் நீதிமன்ற நீதிபதிகளுக்கு 1954-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 2018-இல் அதைத் திருத்தித்தான் அவர்கள் மாதச் சம்பளத்தை 80,000 ரூபாயிலிருந்து 2,25,000 ஆக்கினார்கள். அவர்களுக்கு ஒரு ரூபாய் கூட்ட வேண்டுமென்றாலும் சட்டமன்றமோ நாடாளுமன்றமோ போக வேண்டும். அரசு ஊழியருக்கு ஓர் அரசாணை போதும்.

சரி, தொகை எங்கிருந்து வருகிறது? 1957-இல் நடந்த 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு ஒரு கணக்கு வைத்தது. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகளை மூன்று நுகர்வு அலகாக எடுத்துக்கொண்டு, ஓர் அலகுக்கு ஒரு நாளைக்கு 2,700 கலோரி உணவு, குடும்பத்துக்கு வருடத்துக்கு 72 கஜம் துணி, வீட்டு வாடகை, விறகு விளக்குச் செலவு. நீதிபதி ஏ.கே. மாத்தூர் தலைமையிலான ஏழாவது மத்திய ஊதியக் குழு அரிசி, பருப்பு, எண்ணெய், துணி விலையை இந்தக் கணக்கில் போட்டுத்தான் குறைந்தபட்சம் 18,000 ரூபாய் என்று 2015 நவம்பரில் அறிக்கை தந்தது. பழைய குறைந்தபட்சம் 7,000. வகுத்தால் 2.57.

அந்த 2.57-ஐப் பார்த்து 'இவர்களுக்குச் சம்பளம் இரண்டரை மடங்கு ஏறிவிட்டது' என்று டீக்கடையில் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். அது தவறு. அப்போது அகவிலைப்படியே 125 சதவீதம். நூறு ரூபாய் அடிப்படை ஊதியம் உள்ளவர் ஏற்கெனவே 225 வாங்கிக்கொண்டிருந்தார். அது 257 ஆனது. உண்மையான உயர்வு 14 சதவீதத்தை ஒட்டித்தான்.

தமிழ்நாடு இதே பெருக்கலை எடுத்துக்கொண்டது. இங்கே பழைய குறைந்தபட்சமான 6,100 ரூபாயை 2.57-ஆல் பெருக்கி 15,700 ஆக்கியது. அரசாணை 303 வந்தது 2017 அக்டோபர் 11-இல். ஊதியம் 1.1.2016 முதல் திருத்தியதாகக் கணக்கு, ஆனால் பணம் 1.10.2017 முதல்தான். இடையிலுள்ள 21 மாதத்து அரியர் யாருக்கும் வரவில்லை. சட்டப்படி அது செல்லும். விகிதத்தை எழுதுகிற கைதான் தேதியையும் எழுதுகிறது.

தேதி ஒரு மனிதரை என்ன செய்யும் என்று என் மேசையிலேயே பார்த்திருக்கிறேன். ஆறாவது ஊதியக் குழுவை ஒட்டிய தமிழ்நாட்டு அரசாணை 234-இன் தேதி 1.6.2009. இடைநிலை ஆசிரியருக்குப் பழைய விகிதம் 4500-125-7000, அதாவது 4,500-இல் தொடங்கி வருடம் 125 ஏறி 7,000 வரை போகும். 31.5.2009 வரை சேர்ந்தவர்களுக்குப் பழைய அடிப்படையை 1.86-ஆல் பெருக்கிப் புதிய ஊதியம் நிர்ணயிக்கலாம். அடுத்த நாளிலிருந்து சேர்ந்தவர்களுக்கு அந்த வழி இல்லை, புதிய விகிதத்தின் அடிமட்டத்தில்தான் தொடங்க வேண்டும்.

ஆசிரியர்கள் விருப்பம் தெரிவித்த ஆப்ஷன் படிவங்களைக் கட்டி வைத்துக்கொண்டு பிக்சேஷன், அதாவது புதிய ஊதிய நிர்ணயம், போட்ட நாட்கள் அவை. ஒரே ஊராட்சி ஒன்றியப் பள்ளியைச் சேர்ந்த இரண்டு ஆசிரியைகளின் எஸ்.ஆர். அடுத்தடுத்து என் கைக்கு வந்தன. முன்னவர் 2008-இல் சேர்ந்தவர். கால்குலேட்டரில் 4,500 பெருக்கல் 1.86 போட்டேன், 8,370. அதோடு பதவியின் தரத்துக்கென்று தனியாகத் தரும் தர ஊதியம் 2,800 சேர்த்து சிவப்பு மையில் எழுதினேன். மற்றவர் 2009 ஜூனுக்குப் பிறகு சேர்ந்தவர். அவருக்கு 5,200, தர ஊதியம் அதே 2,800. வித்தியாசம் மாதம் 3,170 ரூபாய், அதற்கு மேல் அகவிலைப்படி வேறு.

சம்பளம் கைக்கு வந்த பிறகு இளையவர் அலுவலகத்துக்கு வந்தார். "சார், கணக்குல தப்பு இருக்குமோன்னு கேக்க வந்தேன். ரெண்டு பேரும் ஒரே டீச்சர் டிரெயினிங். அந்த அக்கா மூணாங் கிளாஸ் எடுக்கறாங்க, நான் நாலாங் கிளாஸ் எடுக்கறேன்" என்றார். அரசாணையை எடுத்து அந்த வரியைக் காட்டினேன். இரண்டு முறை படித்துவிட்டு, "இதுல ஏன்னு எழுதலையே சார்" என்றார். எழுதியிருக்கவில்லைதான். "டீச்சர், தேதிதான் காரணம்" என்பதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை.

அந்த வித்தியாசம் அங்கேயே நிற்கவும் இல்லை. 5,200-ம் 2,800-ம் சேர்ந்து 8,000, அதை 2.57-ஆல் பெருக்கினால் 20,560. ஏழாவது ஊதிய அட்டவணையில் இடைநிலை ஆசிரியருக்கான பத்தாம் நிலை 20,600-இல் தொடங்குவது இதனால்தான். 3,170-ஐயும் அதே எண்ணால் பெருக்கிப் பாருங்கள், எட்டாயிரத்தைத் தாண்டும். இன்கிரிமெண்ட் 3 சதவீதம் என்பதால் அதிக அடிப்படை உள்ளவருக்கு ஒவ்வொரு வருடமும் இன்னும் கொஞ்சம் கூடும். வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு என்று எல்லாவற்றிலும் அந்த ஒரு நாள் கூடவே வருகிறது.

நீதிமன்றம் போகலாமே என்பீர்கள். சம வேலைக்குச் சம ஊதியம் என்பது அரசியலமைப்பின் 39-ஆவது பிரிவில் வழிகாட்டு நெறியாக இருக்கிறது, அதை மட்டும் வைத்து நேரடியாக வழக்குப் போட முடியாது. டெல்லி காவல்துறை ஓட்டுநர் ஒருவர் தொடுத்த ரண்தீர் சிங் வழக்கில், சமத்துவம் பேசும் 14, 16-ஆவது பிரிவுகளோடு சேர்த்துப் படித்தால் அதைக் கேட்டுப் பெறலாம் என்று 1982-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தற்காலிக ஊழியர்களுக்கும் அது உண்டு என்று 2016-இல் ஜக்ஜீத் சிங் வழக்கில் தீர்ப்பு வந்தது. ஆனால் எந்தப் பதவிக்கு எந்த விகிதம் என்பது அரசும் நிபுணர் குழுவும் பார்க்க வேண்டிய வேலை என்று நீதிமன்றங்கள் பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்கின்றன. அதனால்தான் இடைநிலை ஆசிரியர்கள் 2022 டிசம்பர் கடைசியில் சென்னையில் பள்ளிக் கல்வித்துறை அலுவலகங்கள் இருக்கும் டி.பி.ஐ. வளாகத்தில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள்.

விதிகள் கூடாது என்று நான் சொல்லவில்லை. விலைவாசி ஏறும்போதெல்லாம் மசோதா கொண்டுவந்தால் அகவிலைப்படிகூட நேரத்துக்குக் கிடைக்காது. ஆனால் லட்சக்கணக்கான குடும்பங்களைத் தொடும் ஊதிய விதிகளைச் சட்டமன்றத்தில் வைத்து விவாதிக்க வேண்டும். ஆட்களை இரண்டாகப் பிரிக்கும் தேதி ஒன்று அதில் இருந்தால், அந்தத் தேதி ஏன் என்பதையும் அதே அரசாணையில் எழுத வேண்டும். அந்த டீச்சர் அன்றைக்குக் கேட்டது அவ்வளவுதான்.