நான் சொன்னா காத்துல போகுது, அவன் சொன்னா செம ஐடியாவாம்!

கேள்வி: காலேஜ்ல இருந்தே நாங்க ஆறு பேர் கேங், நாலு பசங்க ரெண்டு பொண்ணுங்க, மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை பெசன்ட் நகர் பீச்ல கூடுவோம். போன தடவை தரங்கம்பாடி ட்ரிப் போலாம்னு சொன்னேன், ஒருத்தரும் காதுல வாங்கல, பத்து நிமிஷம் கழிச்சு அதையே ஒருத்தன் சொன்னான், "மச்சி செம ஐடியாடா"ங்கறாங்க! கேட்டா நான் ரொம்ப சென்சிட்டிவாம். எங்க கேங்ல காசிமேட்டுப் பையன் ஒருத்தன் இருக்கான், வாயத் தொறந்தாலே "இன்னா நைனா"ன்னு அவன மாதிரியே பேசி எல்லாரும் ஓட்டுவோம், அவன் எதையும் மனசுல வச்சுக்க மாட்டான். நானும் அப்படி இருக்கணுமோ?
– ஒரு வாசகி, வேளச்சேரி

பதில்: உங்களுக்கு மட்டும் நடக்கறது இல்லங்க இது. பமேலா ஃபிஷ்மேன்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் மூணு ஜோடிங்க வீட்டுல டேப் ரெக்கார்டர் வச்சுப் பாத்து 1978லயே எழுதினாங்க, பொண்ணுங்க ஆரம்பிச்ச பேச்சு 47, அதுல ஓடினது 17தான், ஆம்பளைங்க ஆரம்பிச்சது 29, ஓடினது 28! மூணே ஜோடி, அதுவும் புருஷன் பொண்டாட்டி மாதிரி இருந்தவங்க, அதனால உங்க கேங்குக்கு அப்படியே பொருத்திட முடியாது, ஆனா படிச்சப்ப எனக்கு எங்க வீட்டு ஹால்தான் ஞாபகம் வந்துச்சு (நானும் அந்த 28ல ஒருத்தன்தான், என் தங்கச்சியக் கேளுங்க).

அதுக்காக குறுக்க பேசறவன எல்லாம் வில்லனாக்கிடாதீங்க. டெபோரா டேனன்னு ஒரு அமெரிக்க மொழியியல் ஆய்வாளர் அதே 1978ல ஒரு தேங்க்ஸ்கிவிங் பண்டிகை விருந்துல ஆறு பேர் பேசினத ரெக்கார்ட் பண்ணாங்க, நியூயார்க்காரங்க மேல மேல விழுந்து பேசினது அவங்களுக்கு ஆர்வம், பாசம், மத்தவங்களுக்கோ நுழையவே இடம் கிடைக்கல. நம்மூர் கல்யாண மண்டபத்துல சித்தி, அத்தைங்க எல்லாம் ஒரே நேரத்துல பேசுவாங்களே, அந்த மாதிரி. குறுக்க வந்தவன் உங்க தரங்கம்பாடியப் பத்தியே பேசறானா, இல்ல அவன் ஆபிஸ் அப்ரைசலுக்குத் தாவறானான்னு மட்டும் பாருங்க.

இப்ப அந்தக் காசிமேட்டுப் பையன். அவன் மனசுல வச்சுக்கலன்னு உங்களுக்கு யார் சொன்னா? மூஞ்சத் தூக்கினா அடுத்த தடவைல இருந்து கூப்பிட மாட்டாங்களோன்னு சிரிச்சு வைக்கறவங்க எத்தன பேரு! உங்க ஆறு பேர்ல யாரோட தமிழ யாருமே மிமிக்ரி பண்றதில்லன்னு யோசிச்சுப் பாருங்க, அனேகமா அன்னிக்கு "செம ஐடியா"ன்னு பேரு வாங்கினவன்தான் அது. உங்கள அமுக்கறதும் காசிமேட்டுப் பையன ஓட்டறதும் ஒரே கைதான், ரெண்டாவதுக்கு மட்டும் நீங்களும் சேந்து சிரிக்கறீங்க, கோச்சுக்காதீங்க, லெட்டர்ல நீங்களே எழுதினதுதான்.

அடுத்த தடவை கூடும்போது அந்தப் பையன் ஏதாவது ஆரம்பிச்சா, யாராவது "இன்னா நைனா"ங்கறதுக்கு முன்னாடி "அப்புறம் என்னடா ஆச்சு?"ன்னு கேளுங்க, பஜ்ஜி ஆறினாலும் பரவால்ல முழுசா கேளுங்க. ட்ரிப் விஷயம் வந்தா "அது நான் சொன்னது"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டு டிக்கெட்டையும் நீங்களே போட்டுடுங்க, மாயவரம் வரைக்கும் ட்ரெயின், அங்கருந்து பஸ்சு.