புதிய கண்ணாடித் தொட்டியில் பாசி: மயில்துத்தம் போடலாமா?

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் நெல்லும் வாழையும் பயிரிடுகிறேன். உபவருமானத்துக்காகக் கப்பி, மோலி வண்ணமீன்கள் வளர்க்க எண்ணி, 100 லிட்டர் கண்ணாடித் தொட்டியைக் கிழக்கு ஜன்னலோரம் வைத்து 18 நாட்களாகின்றன. முதலில் கண்ணாடியில் பழுப்புப் படலம் படிந்தது. இப்போது தண்ணீரே பச்சையாகிவிட்டது. மூன்று முறை முழுத் தண்ணீரையும் மாற்றி, வடிகட்டிப் பஞ்சையும் குழாயடியில் கழுவினேன். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன. மயில்துத்தம் கரைத்து ஊற்றலாமா?

பதில்: ஊற்ற வேண்டாம். உப்புத்தன்மையும் கடினத்தன்மையும் குறைந்த தண்ணீரில், மயில்துத்தத்தில் உள்ள தாமிரத்தின் நஞ்சு கடுமையாக இருக்கும். பாசியோடு மீனும் நத்தையும் மடியும். செத்த பாசி ஒரே நேரத்தில் அழுகும்போது, மிச்சமிருக்கும் பிராணவாயுவும் தீர்ந்துவிடும்.

கார் பருவ நெல் நடவில் உரமிட்ட சில நாட்களில், பயிர் மூடுவதற்கு முன், தேங்கிய தண்ணீரில் பாசி படர்வதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் தொட்டியிலும் அதுவேதான் நடக்கிறது: வெயில் நேராக விழுகிறது, மீன் கழிவும் தின்னாத தீனியும் உரமாகின்றன, அந்த உரத்தை எடுத்துக்கொள்ளச் செடி எதுவும் இல்லை. பழுப்புப் படலத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். புதிய தொட்டிகளில் வருவது வழக்கம், துணியால் துடைத்தால் போய்விடும், சில வாரங்களில் தானே குறையும்.

என்னைக் கவலைப்படுத்துவது நீங்கள் பஞ்சைக் குழாயடியில் கழுவியதுதான். மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவை, அதுவும் நச்சான நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் அந்தப் பஞ்சில்தான் குடியேறுகின்றன. அவை நிலைபெற 4 முதல் 6 வாரங்கள் ஆகும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் அவற்றைக் கொல்வதால், ஒவ்வொரு முறை கழுவும்போதும் தொட்டி ஏறக்குறைய முதல் நாளுக்கே திரும்பிவிடுகிறது. இனி, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை வாளியில் ஊற்றி, அதில் பஞ்சை மெல்லப் பிழிந்தால் போதும்.

மீன்கள் வாய் பிளப்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். பகலில் பிராணவாயுவைத் தரும் பாசி, இரவில் மீனோடு சேர்ந்து அதை உறிஞ்சுகிறது; ஆகவே காற்றுப் பம்பை இரவு முழுவதும் நிறுத்தாமல் ஓட விடுங்கள். அப்படியும் தீராவிட்டால் அம்மோனியா அல்லது நைட்ரைட் கூடியிருக்கக்கூடும். வண்ணமீன் கடையில் கிடைக்கும் பரிசோதனைக் கிட்டில் பாருங்கள். இவ்விரண்டில் எது தென்பட்டாலும், இரண்டு நாள் தீனியை நிறுத்தி, ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் வைத்த தண்ணீரால் தினமும் கால் பங்கு மட்டும் மாற்றுங்கள்.

அம்மோனியா இல்லை என்று உறுதியானபின், தொட்டியைக் கோணிச்சாக்கால் மூன்று நாட்கள் முழுதும் மூடி, பம்பை ஓட விட்டு, நான்காம் நாள் கால் பங்கு தண்ணீர் மாற்றினால் பச்சை பெரும்பாலும் தெளியும். பிறகு தொட்டியை வெயில் படாத சுவரோரம் நகர்த்தி, விளக்கை நாளுக்கு 6 முதல் 8 மணி நேரத்தோடு நிறுத்தி, ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடியை அடர்த்தியாக விடுங்கள். இரண்டு நிமிடங்களில் தின்று தீர்க்கும் அளவே தீனி போடுங்கள். கண்ணாடியில் ஒட்டும் பாசியை உங்கள் மோலிகளே கொறிக்கும். பாசி தின்னும் என்று கடையில் சக்கர் மீனைக் கொடுத்தால் வாங்காதீர்கள். அது ஓர் அடிக்கு மேல் வளர்ந்து இந்தத் தொட்டிக்குள் அடங்காது, தாமிரபரணியில் கொண்டு விட்டால் நாட்டு மீன்களுக்குக் கேடு.

அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஒரு வாரம் தொடர்ந்து பூஜ்யமாக இருக்கும்வரை, புதிதாக ஒரு மீன்கூடச் சேர்க்க வேண்டாம்.