பெட்டா மீனை (ஃபைட்டர் மீன்) பிளாஸ்டிக் டப்பாவில் வளர்க்கலாமா?

தாராளமாக வளர்க்கலாம். மீனுக்கு வேண்டியது கண்ணாடி அல்ல, போதுமான தண்ணீர். உணவுப்பொருள் வைக்கும் தரத்தில் உள்ள பிளாஸ்டிக் பெட்டி, 15 லிட்டராவது பிடிக்க வேண்டும். மெல்லிய பெட்டியை நிறைத்தால் பக்கங்கள் தொந்தி போல உப்பும், தடிமனானதாகப் பாருங்கள். ஜாம் பாட்டில், பூச்சாடி எல்லாம் வேண்டாம்.

"கடையில் சின்னக் கப்பில்தானே வைத்திருக்கிறார்கள்?" என்பீர்கள். பெட்டாவுக்குச் செவுள் தவிர லாபிரிந்த் என்ற உறுப்பும் உண்டு; மேலே வந்து காற்றையே இழுத்துக்கொள்ளும். அதனால் கப்பிலும் மூச்சு முட்டாது. சரி, கழிவிலிருந்து வரும் அம்மோனியா எங்கே போகும்? தண்ணீர் குறைவு என்றால் விஷம் சீக்கிரம் ஏறும். தண்ணீர் பளிச்சென்று இருப்பதை நம்பாதீர்கள். அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது. காற்று பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் போட்டால், அதில் குடியேறும் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, பிறகு அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாக்கும். அந்தப் பாக்டீரியா பெருகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை அடிக்கடி கொஞ்சம் தண்ணீர் மாற்றுங்கள். அப்புறம் வாரம் ஒருமுறை கால் பங்கு போதும். ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவினால் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். வெளியே எடுத்த பழைய தண்ணீரிலேயே பிழியுங்கள்.

பெட்டியைச் சோப்பால் கழுவாதீர்கள். பெட்டா துள்ளும், ஓட்டை போட்ட மூடி அவசியம். மூடிக்குக் கீழே இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். ஆண் மீன் என்றால் பெட்டிக்கு ஒன்றுதான். காசை மிச்சம் பிடிப்பதென்றால் பெட்டியில் பிடியுங்கள். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரினைப் போக்கும் நீக்கி மருந்திலும், தண்ணீர் 24 டிகிரிக்குக் கீழே போகும் இடமென்றால் ஹீட்டரிலும் பிடிக்காதீர்கள்.