திருகோணமலையில் ஒரு பொலிஸ்காரர் மீது முறைப்பாடு கொடுத்தால், அவருக்கு என்ன தண்டனை கிடைத்தது என்று நமக்குத் தெரியவருமா?

தானாகத் தெரியவராது, கேட்டு வாங்கவேண்டும். அதைவிட முக்கியம், எதைக் கேட்கிறீர்கள் என்பது. இலங்கையில் பொலிஸாரின் ஒழுக்காற்றுப் பதிவுகளைப் பொதுமக்கள் தேடிப் பார்க்க வழியில்லை. ஒருவரின் பெயரைப் போட்டு "இவர்மீது இதுவரை எத்தனை முறைப்பாடு?" என்று கேட்டால், தனிப்பட்ட தகவல் என்று திருப்பிவிடத்தான் பார்ப்பார்கள். நீங்களே கொடுத்த முறைப்பாடு என்ன ஆனது என்று கேட்டால் அப்படித் தட்டிக்கழிப்பது கஷ்டம்.

என் மச்சான் ஓட்டோ ஓட்டுகிறவர். இரவுச் சோதனையில் ஒரு கான்ஸ்டபிள் கன்னத்தில் அறைந்துவிட்டார். மேலதிகாரிக்கு எழுத்தில் கொடுத்தோம். பல மாதம் கழித்துச் சிங்களத்தில் ஒரு கடிதம்: தேவையான நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளதாம். (கிழக்கின் நிர்வாக மொழி தமிழும்தான் என்று அரசியலமைப்பில் இருக்கிறது, அது வேறு கதை.) நேரில் போய்க் கேட்டால், "அவரை மாத்தியாச்சு, போங்க" என்றார்கள். ஊரில் பலர் இதோடு விட்டுவிடுகிறார்கள். இங்கே அறைந்தவர் மூதூரில் போய் அறையமாட்டாரா?

அப்புறம்தான் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பொலிஸ் திணைக்களத்துக்கு விண்ணப்பம் போட்டோம். முறைப்பாட்டு இலக்கம், திகதி, ஆரம்ப விசாரணை நடந்ததா, குற்றப்பத்திரம் கொடுக்கப்பட்டதா, முடிவு என்ன. இவ்வளவுதான் கேட்டோம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழிலேயே எழுதலாம். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் சொல்லவேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் மேலே தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. மச்சானுக்கு ஒரே ஒரு தாள் வந்தது: கடுமையாக எச்சரிக்கப்பட்டார். சின்னத் தண்டனைதான், ஆனாலும் எழுத்தில் கையில் இருக்கிறது.

முறைப்பாட்டைத் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் அனுப்புங்கள். அடி, சித்திரவதை என்றால் ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலை அலுவலகத்துக்குப் போய்விடுங்கள். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போடவும் அந்த ஒரு மாதம்தான் கணக்கு. ஆணைக்குழுவில் உரிய நேரத்தில் முறையிட்டிருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அதில் சேராது.

பெரிதாக எதிர்பார்க்கவும் வேண்டாம். சித்திரவதை வழக்கொன்றில் உயர் பொலிஸ் அதிகாரி தேசபந்து தென்னக்கோன் மீது ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கும்படி உயர் நீதிமன்றம் 2023 டிசம்பரில் சொன்னது. 2024 பெப்ரவரியில் அவரையே பொலிஸ்மா அதிபராக நியமித்தார்கள். நாடாளுமன்றம் அவரைப் பதவி நீக்கியது 2025 ஆகஸ்டில். நம் ஊர்க் கடற்கரையில் 2006இல் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்ட வழக்கிலோ, சந்தேகநபர்களான பொலிஸ் அதிரடிப்படையினர் 13 பேரும் 2019இல் போதிய சாட்சியம் இல்லையென்று விடுவிக்கப்பட்டார்கள்.

எதை அனுப்பினாலும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கையில் கொண்டுபோய்க் கொடுத்தால், நகலில் திகதியோடு சீல் வாங்காமல் திரும்பவேண்டாம்.