நன்றாக நடமாடியவரை ஏன் மறித்தார்கள்?

கேள்வி: என் தம்பி பல்வலி தாங்காமல் இரண்டு நாட்களாகப் பனடோல் குளிசைகளை நினைத்த நேரமெல்லாம் விழுங்கியதோடு, தடிமன் குளிசையும் சேர்த்து எடுத்துவிட்டார். இதை அறிந்த பல் வைத்தியர் உடனே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பினார். எந்த வருத்தமும் இல்லாமல் நடமாடியவரை அங்கே மறித்து, ஒரு நாள் முழுவதும் சேலைனோடு மருந்து ஏற்றினார்கள். இது அவசியம்தானா?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: மிகவும் அவசியம். பனடோலில் உள்ள பரசிற்றமோலின் பெரும்பகுதியை ஈரல் தீங்கின்றி மாற்றிச் சிறுநீரோடு அனுப்பிவிடுகிறது. சிறு பகுதி மட்டும் கடும் நச்சாக மாறும். அதையும் ஈரற் கலங்களிலுள்ள குளுற்றாதயோன் என்னும் காப்புப் பொருள் செயலிழக்கச் செய்துவிடும். குளிசை அளவு மிஞ்சும்போது குளுற்றாதயோன் தீர்ந்துபோய், அந்த நச்சு ஈரற் கலங்களையே அழிக்கத் தொடங்குகிறது.

இந்த அழிவு வெளியே தெரியாமல் நடப்பதுதான் பேராபத்து. ஒரே தடவையில் அதிகம் விழுங்கியவருக்கு முதல் நாளில் குமட்டலும் வாந்தியும் இருக்கலாம், சிலருக்கு அதுவும் இராது. இரண்டாம் நாள் வாந்தி அடங்கி, வீட்டார் நிம்மதியடையும் வேளையில் இரத்தத்தில் ஈரல் நொதியங்கள் உயரத் தொடங்கியிருக்கும். மூன்றாம், நான்காம் நாட்களில் கண் மஞ்சளித்து, இரத்தம் உறையும் ஆற்றல் குன்றி, அறிவு தடுமாறும் நிலையில் வருபவரைக் காப்பது மிகக் கடினம்.

உங்கள் தம்பிக்கு ஏற்றியது பெரும்பாலும் அசிற்றைல்சிஸ்ரீன் என்னும் நச்சு முறிப்பு மருந்தாக இருக்கும். குளுற்றாதயோனை மீண்டும் ஆக்குவதற்கு ஈரலுக்கு வேண்டிய மூலப்பொருளை அது தருகிறது. விழுங்கி 8 மணித்தியாலங்களுக்குள் தொடங்கினால் ஈரல் ஏறக்குறைய முழுமையாகவே தப்பிவிடும், பிந்தினாலும் பயனுண்டு. வழமையான முறையில் ஏற்றி முடிக்க ஏறத்தாழ 21 மணித்தியாலங்கள் ஆகும். ஒரே தடவையில் விழுங்கியவருக்கு இரத்தத்திலுள்ள பரசிற்றமோலின் அளவை, விழுங்கி எத்தனை மணித்தியாலம் ஆனது என்பதற்கேற்ப ஆபத்தைக் காட்டும் வரைபடத்தோடு ஒப்பிட்டு முடிவெடுக்கலாம். நாட்கணக்கில் சிறிது சிறிதாக எடுத்தவருக்கு அந்த வரைபடம் பொருந்தாது என்பதால், ஐயம் இருந்தாலே மருந்தைத் தொடங்குவார்கள்.

வளர்ந்தவருக்கு 24 மணித்தியாலத்தில் 500 மில்லிகிராம் குளிசை எட்டே உச்ச அளவு. மெலிந்தவர்களுக்கும், சாப்பாடின்றிக் கிடப்பவர்களுக்கும், நெடுநாள் மதுப் பழக்கம் உள்ளவர்களுக்கும் அதுவே மிஞ்சக்கூடும். தடிமன் குளிசைகள் பலவற்றிலும் பரசிற்றமோல் கலந்திருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. மாரி மழையோடு டெங்கு பரவும் காலத்தில், காய்ச்சல் இறங்கவில்லையென்று நேரத்துக்கு முன்பே அடுத்த குளிசையைக் கொடுப்பதும் நடக்கிறது. டெங்குவே ஈரலைத் தாக்கக்கூடிய நோய்.

அளவுக்கு மிஞ்சி விழுங்கியவரை உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்கச் செய்யாதீர்கள். அது புரையேறி நுரையீரலைக் கெடுக்கும், உப்பே நஞ்சாகவும் மாறலாம். 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழைத்து, வெறுமையான குளிசை அட்டைகளையும் கையோடு கொண்டு செல்லுங்கள். மனவருத்தத்தில் விழுங்கியவர் என்றால் ஏசாமல், தனியே விடாமல், அவர் சுகமாகத் தெரிந்தாலும் அப்போதே கூட்டிச் செல்லுங்கள். எப்போது, எவ்வளவு விழுங்கினார் என்பதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.