கடலட்டை, கையெழுத்து, ஆய்வு – ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய அம்மா,

நான் குற்றவியல் துறையில் முனைவர் பட்ட ஆய்வு மாணவன். கடலடியில் ஊர்ந்து வாழும் உயிரினமான கடலட்டையை மன்னார் வளைகுடாவில் கடத்துவது என் ஆய்வுப் பொருள். மண்டபம் முதல் கீழக்கரை வரையுள்ள ஊர்களில் அட்டை எடுப்பவர்கள், வாங்குபவர்கள், படகில் கொண்டு போகிறவர்கள் என 60 பேரை, ஒருவர் கைகாட்டி அடுத்தவர் என்ற முறையில் சந்திக்கத் திட்டமிட்டிருக்கிறேன். 60 போதுமா என்பது என் முதல் கேள்வி. எங்கள் ஆய்வு நெறிக்குழு ஒவ்வொருவரிடமும் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் கேட்கிறது. 'உங்கள் அடையாளம் முழுமையாக இரகசியமாகப் பாதுகாக்கப்படும்' என்று அதில் எழுதியிருந்தும், கையெழுத்து என்றதும் மீனவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள். ஆய்வாளன் என்று சொல்லாமலே பழகிப் பேசலாமா? கிடைக்கும் தகவலை வழக்குப் பதிவுகளோடு ஒப்பிடவும் எண்ணம். உங்கள் ஊர்ப் பக்கத்தில் சிலரை அறிமுகப்படுத்தினால் பேருதவியாக இருக்கும்.

ந.

அன்புள்ள ந.,

ஆய்வு மாணவர்களின் கடிதங்களுக்கு நான் பெரும்பாலும் தனிமடலில் இரண்டு வரி எழுதி முடித்துவிடுவேன். உங்கள் கடிதத்தை இங்கே வெளியிட்டுப் பதில் எழுதுவதற்குக் காரணம், கையெழுத்து என்றதும் மீனவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள் என்று போகிற போக்கில் நீங்கள் சொல்லியிருக்கும் அந்த ஒரு வரி. அதை உங்கள் களப்பணிக்கு நேர்ந்த இடைஞ்சலாக எழுதியிருக்கிறீர்கள். இதுவரை நீங்கள் திரட்டியவற்றில் உருப்படியான தரவு அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சில்லறைக் கேள்விகளை முதலில் தள்ளிவிடுகிறேன். ஆய்வாளன் என்று சொல்லாமல் பழகலாமா என்கிறீர்கள். கூடாது என்பதற்கான நெறிசார்ந்த காரணங்களை உங்கள் பாடநூலே சொல்லியிருக்கும். 1960களில் அமெரிக்காவில் லாட் ஹம்ஃப்ரீஸ் என்ற ஆய்வாளர், பொதுக் கழிப்பறைகளில் சந்தித்துக்கொண்ட ஆண்களின் கார் எண்களைக் குறித்துக்கொண்டு, ஓராண்டு கழித்துத் தோற்றத்தை மாற்றிக்கொண்டு, சுகாதாரக் கணக்கெடுப்பு என்று சொல்லி அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டிய கதை எல்லா வகுப்பிலும் நடத்தப்படுகிறது. நடைமுறைக் காரணம் அதைவிட எளிது. எங்கள் கரையில் புதிதாக ஒருவர் வந்து இறங்கினால், அவர் டீ குடித்து முடிப்பதற்குள் அவர் உளவு பார்க்கும் க்யூ பிரிவுப் போலீஸா, சுங்கமா, வனத்துறையா, மெரைன் போலீஸா என்ற விவாதம் நடந்து முடிந்திருக்கும். மாணவன் என்று சொன்னாலே பாதிப் பேர் நம்பமாட்டார்கள். சொல்லாவிட்டால் மீதிப் பேரும் நம்பமாட்டார்கள். வழக்குப் பதிவுகளோடு ஒப்பிடுவதைத் தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் பிடிபட்ட அட்டையின் எடை, அந்த ஆண்டு ரோந்து எப்படி நடந்தது என்பதைத்தான் முதலில் சொல்லும். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையில், ஒரே முதல் தகவல் அறிக்கையில் பல குற்றங்கள் இருந்தாலும் அவற்றுள் கடுமையான ஒன்றுதான் எண்ணப்படும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். அதில் இதற்கு மேல் எனக்கு ஆர்வமில்லை.

படிவத்துக்கு வருகிறேன்.

'முழுமையாக இரகசியமாகப் பாதுகாக்கப்படும்' என்று எழுதியிருக்கிறீர்கள். யார் பாதுகாப்பார்கள்? எந்தச் சட்டத்தின் பலத்தில்? வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொன்னதற்கும், கணவன் மனைவி தங்களுக்குள் பேசிக்கொண்டதற்கும் நம் சாட்சியச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. ஆய்வாளரிடம் சொன்னதற்குத் தருவதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்திலும் இந்த நிலை மாறவில்லை. அந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பழைய சட்டத்தின் 25ஆம் பிரிவைப் போலவே, காவல்துறை அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை ஒருவருக்கு எதிராக நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கக் கூடாது என்கிறது. ஆனால் காவலர் அல்லாத ஒரு தனி ஆளிடம் ஒருவர் மனம் திறந்து சொன்னதை, பலவீனமான சாட்சியமாகக் கருதி எச்சரிக்கையோடு அணுகினாலும், நீதிமன்றம் ஏற்கலாம். இதன் பொருளை நிதானமாக யோசித்துப் பாருங்கள், தம்பி. ஒரு மீனவர் இன்ஸ்பெக்டரிடம் 'நான்தான் எடுத்தேன்' என்று சொன்னால் அது சாட்சியம் ஆகாது. தன் வீட்டுத் திண்ணையில் உங்களை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, அதையே உங்களிடம் சொன்னால் சாட்சியம் ஆகக்கூடும். நீங்கள் அவரை மிரட்டவில்லை, அடிக்கவில்லை. நட்பாகப் பேசி, குரலைப் பதிவுசெய்து, தேதி போட்டு, கீழே கையெழுத்தும் வாங்கி வைத்திருக்கிறீர்கள். இவ்வளவு நேர்த்தியான ஆவணம் எந்தப் புலனாய்வு அதிகாரிக்கும் எளிதில் கிடைக்காது. நாளை ஒரு நீதிமன்றமோ காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியோ, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆம் பிரிவின்படி அதைக் கேட்டு எழுதினால், உங்கள் நோட்டையும் கைப்பேசியையும் எந்த உரிமையைச் சொல்லித் தர மறுப்பீர்கள்? அன்றைக்கு நெறிக்குழு உறுப்பினர்கள் உங்களோடு வந்து நிற்பார்களா என்று கேட்டீர்களா?

அட்டை எடுப்பது சின்னக் குற்றம், யாரும் அவ்வளவு தூரம் போகமாட்டார்கள் என்று சமாதானம் சொல்லாதீர்கள். 2001இல் கடலட்டை, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் புலியும் யானையும் இருக்கும் அதே முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. குற்றம் உறுதியானால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் உரிமம் வாங்கிக்கொண்டு அதே அட்டையை எடுக்கலாம், பண்ணையில் வளர்க்கலாம், ஏற்றுமதியும் செய்யலாம்.

இரகசிய வாக்குறுதிக்கு என்ன நேரும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று இருக்கும்போது, உங்கள் வகுப்புகளில் இன்னமும், மாணவர்களைக் கைதிகளாகவும் காவலர்களாகவும் நடிக்கவைத்த ஸ்டான்ஃபோர்டு சிறைச்சாலைப் பரிசோதனையையே சுற்றிச்சுற்றி வருவது எனக்கு வியப்பாக இருக்கிறது. அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி, 2001 முதல் 2006 வரை, வட அயர்லாந்தின் முன்னாள் ஆயுதக் குழுவினரிடம் வாய்மொழி வரலாற்றுப் பேட்டிகள் எடுத்தது. பேசியவர் இறக்கும்வரை ஒலிநாடா வெளியே வராது என்பது வாக்குறுதி. 2011இல் பிரிட்டிஷ் அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் அமெரிக்க அரசு நாடாக்களை ஒப்படைக்குமாறு அழைப்பாணை அனுப்பியது. வழக்காடிப் பார்த்தும், 2013இல் சில பேட்டிகள் வட அயர்லாந்துக் காவல்துறையின் கைக்குப் போயின. 1972இல் நடந்த ஒரு கொலை தொடர்பாக, பேட்டி கொடுத்தவர் எனக் கருதப்பட்ட முதியவர் ஒருவர் மீது 2014இல் வழக்குத் தொடரப்பட்டது. 2019இல் நீதிமன்றம் அந்த நாடாக்களைச் சாட்சியமாக ஏற்க மறுத்து அவரை விடுவித்தது என்பது உண்மைதான், ஆனால் நடுவில் ஐந்து ஆண்டுகள் போய்விட்டன. உங்களுக்குச் சொல்ல வேண்டியது இதற்குள் இருக்கும் ஒரு சிறிய விவரம். திட்டத்தை நடத்தியவரோடு கல்லூரி செய்துகொண்ட ஒப்பந்தத்தில் 'அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு' இரகசியம் என்று இருந்தது. பேசியவர்களிடம் கையெழுத்து வாங்கிய தாளில் அந்தச் சொற்கள் இல்லை. படித்தவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட எச்சரிக்கை, ஆபத்தைச் சுமக்கப் போகிறவர்களின் தாளில் மட்டும் விடுபட்டுப்போயிற்று. உங்கள் படிவத்திலும் அதுதான் விடுபட்டிருக்கிறது.

ஆய்வாளர் சிறைக்குப் போயாவது வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று சிலர் வீரம் பேசுவார்கள். 1993இல் ரிக் ஸ்கார்ஸ் என்ற அமெரிக்க ஆய்வு மாணவர், தன்னிடம் பேசியவர்களைப் பற்றிச் சாட்சி சொல்ல மறுத்து 159 நாள் சிறையில் இருந்தார். அவரை வணங்குகிறேன். ஆனால் மாத உதவித்தொகையை நம்பிப் படிக்கும் ஒரு பிள்ளையிடம் அப்படி இரு என்று நான் சொல்லமாட்டேன். எழுதப்படாததை யாரும் பறிமுதல் செய்ய முடியாது. அதற்கு வீரமே தேவையில்லை.

என் தாய்மாமாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் இப்போது இல்லை; என்றாலும் ஊரின் பெயரைச் சொல்லாமல், சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். தடை வருவதற்கு முன் அட்டை அவிப்பது எங்கள் கரையில் பட்டப்பகலில் நடந்த தொழில். குடலை எடுத்துவிட்டுப் பெரிய அண்டாவில் அவித்து, ஈர மணலில் குழி தோண்டி இரவு முழுக்கப் புதைத்து வைப்பார்கள். மறுநாள் எடுத்துக் கூடையில் போட்டு, கடல் தண்ணீரை ஊற்றிக் காலால் மிதித்து, மேலே படிந்திருக்கும் சுண்ணாம்பு போன்ற தோலைப் போக்கி, மறுபடியும் அவித்து வெயிலில் காயப்போடுவார்கள். மாமா கூடைக்குள் நின்று மிதித்துக்கொண்டே, சுற்றி நிற்கும் பிள்ளைகளிடம் பதினாறாம் வாய்ப்பாடு கேட்பார். 2001க்குப் பிறகு அதே கூடை அவரைக் குற்றவாளியாக்கியது. சில வருடம் கழித்து ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து, உங்களைப் போலவே மரியாதை தெரிந்த ஒரு பையன் வந்தான். மாமாவுக்கு அவனைப் பிடித்துவிட்டது. பேசினார், கையெழுத்தும் போட்டார்.

ஆய்வேட்டில் மாமாவின் பெயர் இல்லை; ஊர் 'ஒரு கடலோரக் கிராமம்' ஆகியிருந்தது. ஆனால் முத்துக்குளித்த குடும்பத்திலிருந்து வந்தவர், மூழ்கி மூழ்கி இடது காது கேட்காமல் போனவர், மீனவர் சங்கத்தில் ஒருமுறை பொறுப்பில் இருந்தவர் என்று மூன்று விவரங்கள் அடுத்தடுத்த வரிகளில் இருந்தன. அப்படி ஒருவர்தான் எங்கள் ஊரில் உண்டு. மழைக்காலத்துக்கு முன் முன்பணம் யார் வழியாக வருகிறது, கடன் எப்படிக் கழிக்கப்படுகிறது என்று அவர் சொன்னதும் அப்படியே இருந்தது. முன்பணம் கொடுக்கும் வியாபாரியின் உறவுக்காரப் பையன் ஒருவன் அதே பல்கலைக்கழகத்தில் படித்தான். வழக்கு எதுவும் வரவில்லை, வனத்துறை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. முன்பணம் நின்றது, அவ்வளவுதான். அந்தப் பருவம் முழுக்க ஒரு படகிலும் அவரை ஏற்றவில்லை. நான் கொதித்துப் போய்ப் பல்கலைக்கழகத்துக்கு எழுதப் போகிறேன் என்றபோது மாமா, "அந்தப் பையன் பொய் ஒண்ணும் எழுதலையே தாயி, நான் சொன்னதத்தான எழுதியிருக்கான்" என்றார். நான் எழுதத்தான் செய்தேன். உரிய முறையில் ஒப்புதல் பெறப்பட்டிருக்கிறது, கையெழுத்திட்ட படிவம் எங்கள் கோப்பில் பத்திரமாக இருக்கிறது என்று பதில் வந்தது. அந்தத் தாள் யாரை யாரிடமிருந்து காப்பாற்றுவதற்காக வாங்கப்பட்டது என்பது அன்றைக்கு எனக்கு விளங்கியது.

இன்னொன்றையும் உங்கள் நெறிக்குழுவுக்கு நினைவூட்டுங்கள். இந்த இராமநாதபுரம் மாவட்டத்துக்கு ஆய்வு புதிதல்ல. 1892இலேயே சென்னை மாகாணத்தின் 'குற்ற வகுப்பார்' பற்றிக் காவல்துறை அதிகாரி ஒருவர் நூல் எழுதினார். அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் ஊர் ஊராக வந்து மக்களின் மூக்கையும் மண்டையையும் அளந்தார். 1911இன் குற்றப் பரம்பரையினர் சட்டம் பின்னர் ஆப்பநாட்டு மறவர்கள் மீது பாய்ந்தபோது, எந்தக் குற்றமும் செய்யாத ஆண்களும் பிறப்பின் பெயரால் பதிவேட்டில் கைரேகை வைக்க வேண்டியிருந்தது. 1947இல் சென்னை மாகாணத்தில் அது நீக்கப்பட்டது. அந்தப் பதிவேட்டைப் பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் மாவட்டத்தில், எழுதத் தெரியாதவரிடம் மைப்பெட்டியை நீட்டி, இது உங்கள் நன்மைக்காகத்தான் என்று சொல்கிறீர்கள். அவர் எழுந்து போகாமல் என்ன செய்வார்?

ஆய்வைக் கைவிடச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் எழுதாவிட்டால், இந்தக் கடத்தலைப் பற்றி உலகத்துக்குத் தெரிவது, பறிமுதல் செய்த மூட்டைகளுக்குப் பின்னால் அதிகாரிகள் நிற்கும் புகைப்படங்கள் மட்டும்தான். எழுதுங்கள், ஆனால் கேட்கும் முறையை மாற்றுங்கள். கையெழுத்தே வேண்டாம். இரகசியம் கசிவதுதான் முதன்மையான ஆபத்து, ஒப்புதல் படிவம் ஒன்றுதான் பேசியவரை ஆய்வோடு இணைக்கும் ஆவணம் என்றால், கையெழுத்தைத் தவிர்க்கலாம் என்று அமெரிக்கக் கூட்டாட்சி விதிகளே சொல்கின்றன. அதைக் குழுவின் முன் வையுங்கள். வாய்மொழியாக ஒப்புதல் வாங்குங்கள். 'நீதிமன்றம் கேட்டால் மறுக்க எனக்குச் சட்டத்தில் இடமில்லை. ஆகவே உங்கள் பெயரையோ, பிறர் பெயரையோ, நாளையோ, இடத்தையோ என்னிடம் சொல்ல வேண்டாம்' என்பதை அவர்கள் பேசும் தமிழில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நீ எப்போது எடுத்தாய் என்று கேட்காமல், இந்தத் தொழில் இங்கே எப்படி நடக்கும் என்று கேளுங்கள். ஒருவர் கைகாட்டி அடுத்தவர் என்ற உங்கள் முறை எனக்கு நடுக்கத்தையே தருகிறது. யாருக்கு யாரைத் தெரியும் என்ற முழு வரைபடமும் உங்கள் நோட்டில் உருவாகிவிடும். கடத்தலைத் துப்பறிகிறவர்கள் தேடுவதும் அதைத்தான். அடுத்தவரின் பெயரை நீங்கள் வாங்கிக்கொள்ளாதீர்கள். விருப்பம் இருந்தால் அவரே உங்களைத் தேடி வரட்டும். எழுதி முடித்த பின், பேசியவர்களில் ஒருவரை உட்காரவைத்து அவரைப் பற்றிய பகுதியைப் படித்துக் காட்டி, ஊரில் யாராவது இதை வைத்து உங்களைக் கண்டுபிடிப்பார்களா என்று கேளுங்கள். காது கேட்காதவர், சங்கப் பொறுப்பாளர் எல்லாம் அப்போது தானாகவே வெளியே போய்விடுவார்கள்.

60 போதுமா என்று கேட்டிருந்தீர்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் 60 பெண்களிடம் எடுத்த பேட்டிகளைப் பிரித்தாராய்ந்த ஒரு குழு, ஏறத்தாழ எல்லாக் கருத்துகளும் முதல் 12 பேட்டிகளிலேயே வந்துவிட்டன என்று 2006இல் எழுதியது. அது ஒரே மாதிரியான மக்களிடம் எடுத்தது. உங்களுக்கு எடுப்பவர், வாங்குபவர், கொண்டு போகிறவர் என்று மூன்று வகையினர் இருப்பதால் இன்னும் கொஞ்சம் வேண்டியிருக்கும். 60 வேண்டியதில்லை. தேவைக்கு மேல் சேர்க்கும் ஒவ்வொருவரும் ஆபத்தில் கூடுதலாக ஒருவர்.

அறிமுகம் செய்துவைக்கமாட்டேன். நான் சொன்னேன் என்பதற்காக ஒருவர் உங்களிடம் பேசினால் அது முழு ஒப்புதல் ஆகாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஆண்கள் வலை பழுது பார்த்துக்கொண்டு கரையில் இருப்பார்கள், அப்போது வாருங்கள். முதலில் கடற்பாசி எடுக்கும் பெண்களிடம் பேசுங்கள். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவானதிலிருந்து சட்டத்துக்கும் வயிற்றுப்பாட்டுக்கும் நடுவே நீந்துகிறவர்கள் அவர்கள். அதிகாரிகளைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது ஆண்களுக்குத் தெரியாது. வருவதற்கு முன் திருத்திய படிவத்தை எனக்கு அனுப்புங்கள். குழு அதை மறுத்தால், மறுப்பை எழுத்தில் வாங்கி அதையும் சேர்த்து அனுப்புங்கள். அவர்களுக்கான பதிலை நானே எழுதித் தருகிறேன்.