எஃப்ட்ரேஸ் ஃபில்டர்: காலியாக விட்டால் ‘எல்லாம்’ என்று அர்த்தம்

எஃப்ட்ரேஸ் என்பது லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் எந்த ஃபங்ஷன் எப்போது ஓடுகிறது என்று பதிவு செய்யும் வசதி. எந்த ஃபங்ஷன்களைப் பதிவு செய்வது என்பதைச் சொல்வது அதன் ஃபில்டர். அதைப் பற்றிக் குமரி மாவட்டத்து லினக்ஸ்காரர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும். கோப்புப் பெயர்களையும் கட்டளைகளையும் உச்சரிப்புப்படி தமிழில் தந்திருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கிலச் சிற்றெழுத்து. அடிக்கோடு வரும் இடங்கள் அப்படியே. எல்லாக் கோப்புகளும் /சிஸ்/கெர்னல்/ட்ரேசிங் அடைவில் உள்ளவை. 4.1க்கு முந்தைய கெர்னல் என்றால் /சிஸ்/கெர்னல்/டீபக்/ட்ரேசிங் அடைவில் பாருங்கள்.

கேள்வி (ஆரல்வாய்மொழி): அண்ணே, காற்றாலை ரீடிங் எடுக்கிற சின்ன போர்டு ஒண்ணு இருக்கு. நாலு கோர், ஒரு ஜிபி மெமரி. எஸ்எஸ்ஹெச்ல உள்ள போய் கரன்ட்_ட்ரேசர்ல ‘ஃபங்ஷன்’னு எழுதி, ட்ரேஸ்_பைப்பை ‘கேட்’ பண்ணினேன். எனக்க போர்டு அப்படியே உறைஞ்சு போச்சு. மெமரி பத்தல்லியா?

பதில்: மெமரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ரிங் பஃபர் (பதிவுகள் வந்து சேரும் நினைவகப் பகுதி) இயல்பாக ஒரு கோருக்கு 1408 கேபி. நாலு கோருக்கு 5632 கேபி. ஒரு ஜிபியில் அது பெரிதல்ல.

செட்_எஃப்ட்ரேஸ்_ஃபில்டர் காலியாக இருந்ததுதான் காரணம். காலி என்றால் ‘எதையும் பார்க்காதே’ என்று நாம் நினைக்கிறோம். கெர்னல் அதை ‘எல்லாவற்றையும் பார்’ என்று எடுத்துக்கொள்ளும். கீழே வரும் கேள்விகளில் பாதி இந்த ஒரு விஷயத்தில்தான் வந்து முட்டுகின்றன.

உள்ளே நடப்பது இது. டைனமிக் எஃப்ட்ரேஸ் உள்ள கெர்னலில், கம்பைலர் ஒவ்வொரு ஃபங்ஷனின் வாசலிலும் கொஞ்சம் இடம் விட்டுவைக்கிறது. எக்ஸ்86-64ல் 5 பைட். அந்த இடத்தில் பூட் ஆகும்போதே ‘நோப்’, அதாவது ஒன்றும் செய்யாத கட்டளை, உட்கார்ந்துவிடும். அதனால் ட்ரேசிங் ஓடாதபோது செலவு அனேகமாக இல்லை. ட்ரேசரைப் போட்டதும், ஃபில்டரில் பெயர் உள்ள ஃபங்ஷன்களின் நோப் மட்டும் எஃப்ட்ரேஸை அழைக்கும் கட்டளையாக மாறும். ஃபில்டர் காலி என்றால் பல பத்தாயிரம் ஃபங்ஷன்களில் ஒரே நேரத்தில் மாறும். பேச்சிப்பாறையில் எல்லா மதகையும் ஒன்றாகத் தூக்கிவிட்டு, வாய்க்காலில் கையளவு தண்ணீர் அள்ள நிற்பது போல.

எஸ்எஸ்ஹெச் அதை இன்னும் மோசமாக்கியது. ட்ரேஸ்_பைப்பிலிருந்து ஒரு வரி உங்கள் திரைக்கு வர நெட்வொர்க் ஃபங்ஷன்கள் ஓட வேண்டும். அவையும் பதிவாகும். அந்தப் பதிவை அனுப்ப மறுபடியும் நெட்வொர்க். இது முடியாது. ட்ரேஸ் எடுக்கும்போது திரைக்கு விடாமல் போர்டிலேயே ஒரு கோப்பில் எழுதுங்கள், அல்லது நிறுத்திய பிறகு ‘ட்ரேஸ்’ கோப்பைப் படியுங்கள்.

சரியான வரிசை (விஎஃப்எஸ்_ரீட் என்பது கோப்பு படிக்கும் கெர்னல் ஃபங்ஷன், எடுத்துக்காட்டுக்கு):

எக்கோ 0 > ட்ரேசிங்_ஆன்
எக்கோ 'விஎஃப்எஸ்_ரீட்' > செட்_எஃப்ட்ரேஸ்_ஃபில்டர்
கேட் செட்_எஃப்ட்ரேஸ்_ஃபில்டர்
எக்கோ ஃபங்ஷன் > கரன்ட்_ட்ரேசர்
எக்கோ 1 > ட்ரேசிங்_ஆன்

மூன்றாவது வரியை விட்டுவிடாதீர்கள். ‘எல்லா ஃபங்ஷனும் இயக்கத்தில்’ என்ற பொருளில் #### குறியோடு ஒரு வரி வந்தால் ஃபில்டர் பிடிக்கவில்லை என்று அர்த்தம், அங்கேயே நிறுத்துங்கள்.

இன்னொன்று: ட்ரேசிங்_ஆனில் 0 எழுதினால் பஃபரில் பதிவதுதான் நிற்கும். வாசலில் உள்ள அழைப்பு அப்படியே இருக்கும், அதன் செலவும் இருக்கும். போர்டு மூச்சுத் திணறினால் கரன்ட்_ட்ரேசரில் ‘நோப்’ (இங்கே, எந்த ட்ரேசரும் வேண்டாம் என்று பொருள்) எழுதுங்கள். அப்போதுதான் கட்டளைகள் பழையபடி மாறும்.

கேள்வி (மார்த்தாண்டம்): சூடோ போட்டும் ‘பெர்மிஷன் டினைட்’ வருது.

பதில்: ‘சூடோ எக்கோ … > கோப்பு’ என்று அடித்திருப்பீர்கள். சூடோ தரும் நிர்வாகி உரிமை எக்கோவுக்குத்தான், ‘>’ குறியைக் கையாள்வது உங்கள் சாதாரண ஷெல். ‘எக்கோ விஎஃப்எஸ்_ரீட் | சூடோ டீ செட்_எஃப்ட்ரேஸ்_ஃபில்டர்’ என்று கொடுங்கள். சேர்த்து எழுத ‘டீ -ஏ’. நிறைய வேலை இருந்தால் ரூட் ஷெல்லிலேயே இருந்துகொள்ளுங்கள்.

கேள்வி (தக்கலை, பொறியியல் மாணவி): அண்ணா, சோர்ஸ் கோடில் கண்ணால் பார்த்த ஃபங்ஷன் பெயரைத்தான் எழுதினேன். ‘இன்வேலிட் ஆர்கியூமென்ட்’ என்று திரும்பி வருகிறது. நட்சத்திரக் குறி போட்டாலும் சில நேரம் அதேதான்.

பதில்: சோர்ஸில் இருப்பதெல்லாம் வாசல் உள்ள ஃபங்ஷன் அல்ல, மக்கா. முதலில் அவெய்லபிள்_ஃபில்டர்_ஃபங்ஷன்ஸ் கோப்பில் ‘கிரெப்’ செய்து பார். அங்கே இல்லாத பெயரை ஃபில்டர் ஏற்காது. இல்லாமல் போகக் காரணங்கள் பல.

கம்பைலர் அதை இன்லைன் ஆக்கி, அழைத்த இடத்திலேயே கரைத்திருக்கலாம். ‘ஸ்டாட்டிக்’ என்று எழுதிய சின்ன ஃபங்ஷன்களுக்கு இது அடிக்கடி நடக்கும். அப்போது அதை அழைக்கும் ஃபங்ஷனைப் பிடிப்பதுதான் வழி. அல்லது ‘நோட்ரேஸ்’ என்று குறித்திருப்பார்கள். எஃப்ட்ரேஸ் தானே பயன்படுத்தும் பகுதிகளைப் பின்தொடர்ந்தால் முடிவில்லாமல் சுழலும் என்பதால் அந்தக் குறி. அல்லது பெயருக்குப் பின்னால் ‘.ஐஎஸ்ஆர்ஏ.0’, ‘.கான்ஸ்ட்ப்ராப்.0’, ‘.பார்ட்.0’ என்று கம்பைலர் ஒட்டு போட்டிருக்கும். பெயரின் கடைசியில் * சேர்த்தால் பிடிபடும்.

சிஸ்டம் கால்களில் நிறைய பேர் சறுக்குவார்கள். ‘சிஸ்_ஓப்பன்அட்’ என்ற பெயர் எக்ஸ்86-64ல் 4.17லிருந்து ‘__எக்ஸ்64_சிஸ்_ஓப்பன்அட்’ ஆகிவிட்டது. ஆர்ம்64ல் 4.19லிருந்து ‘__ஆர்ம்64_சிஸ்_ஓப்பன்அட்’. லேப்டாப்பில் ஓடிய ஸ்கிரிப்ட் போர்டில் ஓடாததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். '*சிஸ்_ஓப்பன்அட்' என்று எழுதினால் இரண்டிலும் ஓடும்.

நட்சத்திரம் சில நேரம் மட்டும் தவறுவது ஷெல்லால். மேற்கோளுக்குள் போடாத * குறியை ஷெல் முதலில் இந்த அடைவில் உள்ள கோப்புப் பெயர்களோடு பொருத்திப் பார்க்கும். ட்ரேசிங் அடைவில் இருந்துகொண்டு ட்ரேஸ்_* என்று அடித்தால் கெர்னலுக்குப் போவது ‘ட்ரேஸ்_க்ளாக்’, ‘ட்ரேஸ்_மார்க்கர்’ போன்ற கோப்புப் பெயர்கள். எப்போதும் ஒற்றை மேற்கோள் போடு. ஆச்சரியக்குறிக்கும் அதே விதி.

கேள்வி (கோட்டாறு): ‘>’, ‘>>’, ‘!’ மூன்றும் சரியாக எப்படி வேலை செய்கின்றன? ஒரே ஒரு ஃபங்ஷனை மட்டும் விட்டு மற்றதெல்லாம் வேண்டும் என்று '!டூ_ஐடில்' எழுதினேன். ஒன்றும் மாறவில்லை.

பதில்: ‘>’ பழையதை முழுக்கத் துடைத்துவிட்டு எழுதும். ‘>>’ இருப்பதோடு சேர்க்கும். ‘!’ பட்டியலில் இருப்பதை எடுக்கும். இருப்பதைத்தான் எடுக்க முடியும். ஃபில்டர் காலியாக இருந்தால் எடுக்க ஒன்றும் இல்லை, அதனால்தான் மாற்றம் தெரியவில்லை. ‘இதைத் தவிர எல்லாம்’ என்பதற்குத் தனிக் கோப்பு உண்டு: செட்_எஃப்ட்ரேஸ்_நோட்ரேஸ். ஒரே பெயர் இரண்டு கோப்பிலும் இருந்தால் நோட்ரேஸ்தான் ஜெயிக்கும்.

‘!’ போடும்போது இரண்டு குழிகள். '!விஎஃப்எஸ்_ரீட்' > என்று ஒற்றைக் குறியால் எழுதினால், கோப்பு திறக்கும்போதே மொத்தப் பட்டியலும் துடைபடும். எடுக்கவும் ‘>>’தான் பயன்படுத்த வேண்டும். அடுத்தது, பட்டியலில் கடைசியாக இருந்த ஒரே பெயரை எடுத்துவிட்டால் ஃபில்டர் காலி. ட்ரேசர் ஓடிக்கொண்டிருந்தால் அந்த நொடியே எல்லா ஃபங்ஷனும் திறந்துவிடும்.

நூற்றுக்கணக்கில் பெயர் சேர்க்க ‘ஃபார்’ சுற்று போடாதீர்கள். ஒவ்வொரு பெயரையும் கெர்னல் முழுப் பட்டியலோடு ஒப்பிடுகிறது. ஒவ்வொரு தடவை கோப்பை மூடும்போதும் ஃபில்டரைப் புதிதாக அமைக்கிறது. பெயர்களை ஒரு கோப்பில் வரிசையாக வைத்து ‘கேட் பட்டியல் > செட்_எஃப்ட்ரேஸ்_ஃபில்டர்’ என்று ஒரே மூச்சில் கொடுங்கள். 5.1 கெர்னலிலிருந்து பெயருக்குப் பதில், அவெய்லபிள்_ஃபில்டர்_ஃபங்ஷன்ஸில் அது எத்தனையாவது வரி என்ற எண்ணையே எழுதலாம், 1லிருந்து எண்ணி. பெயர் ஒப்பிடும் வேலை இல்லாததால் ரொம்ப வேகம். ஆனால் மாட்யூல் (ஓடும் கெர்னலில் தனியாக ஏற்றி இறக்கும் துண்டு, டிரைவர் போல) ஏறி இறங்கினால் எண் நகரும். எடுத்த கையோடு பயன்படுத்திவிட வேண்டும்.

கேள்வி (தேங்காப்பட்டணம்): தம்பி, படகுல வைக்கிற ஜிபிஎஸ் ரிசீவர் யூஎஸ்பி சீரியல் வழியா வருது, பிஎல்2303 சிப். குத்தினதும் சில தடவை டேட்டா வரல்ல. அந்த டிரைவர் மாட்யூலை மட்டும், ஏறுற நேரத்துலேருந்தே பாக்க முடியுமா?

பதில்: முடியும் அண்ணாச்சி. '*:மாட்:பிஎல்2303' என்று ஃபில்டரில் எழுதுங்கள். 4.13லிருந்து மாட்யூல் இன்னும் ஏறாமல் இருந்தாலும் கெர்னல் இந்த வரியை நினைவில் வைத்து, ஏறியதும் தானாகப் பொருத்தும். அதற்கு முந்தைய கெர்னல் என்றால் மாட்யூல் ஏறிய பிறகுதான் எழுத முடியும்.

ஆனால் இது மட்டும் போதாது. பிஎல்2303 மாட்யூல் சிப்புக்கு உரிய சின்ன வேலைகளை மட்டும் செய்கிறது. போர்ட் திறப்பது, டேட்டாவை டிடிஒய் (கெர்னலின் டெர்மினல், சீரியல் பகுதி) பக்கம் தள்ளுவது போன்ற பெரும்பாலான வேலை யூஎஸ்பிசீரியல் மாட்யூலில். ‘>>’ போட்டு '*:மாட்:யூஎஸ்பிசீரியல்' சேர்த்துக்கொள்ளுங்கள். திறக்கும் ஃபங்ஷன் வந்து, படிக்கும் கால்பேக் வராமல் இருந்தால் கோளாறு கேபிள் அல்லது ரிசீவர் பக்கம். திறக்கும் ஃபங்ஷனே வரவில்லை என்றால் மென்பொருள் சரியான போர்ட்டைத் திறக்கவில்லை.

மாட்யூலை இறக்கி மறுபடி ஏற்றினால் ஃபில்டரையும் மறுபடி எழுத வேண்டும். அதன் ஃபங்ஷன்கள் பட்டியலிலிருந்து போயிருக்கும்.

கேள்வி (குளச்சல்): என் புரோகிராம் ஒன்றை மட்டும் பார்க்க செட்_எஃப்ட்ரேஸ்_பிட் போதுமா? ஃபங்ஷன் ஃபில்டரும் தேவையா?

பதில்: இரண்டும் தேவை. பிட் (புராசெஸ் எண்) ஃபில்டர் பதிவு செய்யலாமா என்பதை மட்டும் முடிவு செய்கிறது. வாசலில் அழைப்பு எல்லா புராசெஸுக்கும் நடக்கும், அப்புறம்தான் ‘இது நம்ம ஆள் இல்லை’ என்று விடும். ஆகவே பிட் மட்டும் போட்டால் வெளியீடு சுருங்கும், மெஷின் பாரம் சுருங்காது. புரோகிராம் பிள்ளைப் புராசெஸ் உருவாக்கினால் ஆப்ஷன்ஸ்/ஃபங்ஷன்-ஃபோர்க் கோப்பில் 1 எழுதுங்கள். அந்தப் புராசெஸ் ஓடும்போது வந்த இன்டரப்டுகளும் கலந்து வரும், அது தவறல்ல.

கேள்வி (நாகர்கோவில்): செட்_கிராஃப்_ஃபங்ஷனில் விஎஃப்எஸ்_ரைட் எழுதி ஃபங்ஷன்_கிராஃப் ட்ரேசர் போட்டேன். வெறும் தலைப்பு வரிகள்தான் வருகின்றன.

பதில்: செட்_எஃப்ட்ரேஸ்_ஃபில்டரில் பழைய பெயர் ஏதாவது கிடக்கும், பாருங்கள். கிராஃப் ட்ரேசருக்கு இரண்டு வாசல். எந்த ஃபங்ஷனுக்கு அழைப்பு வைப்பது என்பதை எஃப்ட்ரேஸ் ஃபில்டர் சொல்கிறது. எங்கிருந்து கிளை விரிப்பது என்பதைக் கிராஃப் கோப்பு சொல்கிறது. வேர் ஃபங்ஷன் முதல் ஃபில்டரில் இல்லாவிட்டால் கிளை தொடங்கவே தொடங்காது. முழுக் கிளையும் வேண்டுமானால் இங்கே மட்டும் ஃபில்டரைக் காலியாக விடலாம். பாரம் கூடும் என்று தெரிந்தே விடுங்கள். மேக்ஸ்_கிராஃப்_டெப்த்தில் 2 அல்லது 3 எழுதினால் பட்டியல் படிக்கிற அளவுக்கு வரும்.

கேள்வி (குலசேகரம்): 'டூ_எக்ஸிட்:ட்ரேஸ்ஆஃப்' என்று ஃபில்டரில் எழுதினேன். வேலை முடிந்ததும் ஃபில்டரைத் துடைத்தேன். இப்போதும் ட்ரேசிங் தானாக அணைகிறது.

பதில்: அது ஃபில்டர் அல்ல, கட்டளை. ஒரே கோப்பில் எழுதினாலும் கெர்னல் இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கிறது. ‘>’ துடைப்பது ஃபங்ஷன் பட்டியலை மட்டும். எந்தப் புராசெஸ் முடிந்தாலும் டூ_எக்ஸிட் ஓடும், உடனே ட்ரேசிங் அணையும். ‘கேட்’ செய்தால் அந்த வரி ‘அன்லிமிடெட்’ என்ற சொல்லோடு தெரியும். எடுக்க, '!டூ_எக்ஸிட்:ட்ரேஸ்ஆஃப்' என்று ‘>>’ கொண்டு எழுதுங்கள். எண்ணிக்கையோடு, ':5' என்பது போல வைத்திருந்தால், எடுக்கும்போது கடைசியில் ':0' சேர்க்க வேண்டும்.

கேள்வி (கன்னியாகுமரி): பூட் ஆகும்போதே ஃபில்டர் வேண்டும்.

பதில்: கெர்னல் கட்டளை வரியில் ‘எஃப்ட்ரேஸ்=ஃபங்ஷன் எஃப்ட்ரேஸ்_ஃபில்டர்=பெயர்1,பெயர்2’. காற்புள்ளிக்குப் பின் இடைவெளி கூடாது. ஒரு தடவைக்கு மட்டும் என்றால் க்ரப் மெனுவில் ‘ஈ’ அழுத்தி அங்கேயே சேர்த்தால் போதும். ட்ரேசரை மட்டும் எழுதி ஃபில்டரை மறந்தால் பூட் மிக மெதுவாகும்.

கேள்வி (இரணியல்): யார் அழைக்கிறார்கள் என்று தெரிய ஃபங்க்_ஸ்டாக்_ட்ரேஸ் போடலாமா? வேலை முடிந்தால் எதை முதலில் அணைப்பது?

பதில்: போடலாம், ஃபில்டரில் ஒன்றிரண்டு பெயர் இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு மட்டும். ஒவ்வொரு அழைப்புக்கும் முழு ஸ்டாக்கையும் எடுப்பதால், காலி ஃபில்டரோடு இதைப் போட்டால் மெஷின் கையில் நிற்காது.

அணைக்கும்போது தலைகீழ் வரிசை: முதலில் ஸ்டாக் ஆப்ஷன், அடுத்து கரன்ட்_ட்ரேசரில் ‘நோப்’, அதற்குப் பிறகே ஃபில்டர், நோட்ரேஸ், கிராஃப், பிட் கோப்புகளைத் துடைப்பது. ட்ரேசர் ஓடும்போது ஃபில்டரைத் துடைத்தால் என்ன ஆகும் என்பது முதல் கேள்வியிலேயே இருக்கிறது. ட்ரேஸ்-சிஎம்டி கருவி இருந்தால், ‘ட்ரேஸ்-சிஎம்டி ரீசெட்’ இதையெல்லாம் சேர்த்துச் செய்யும்.

பிறகு எனேபிள்ட்_ஃபங்ஷன்ஸ் கோப்பைப் படியுங்கள். அது காலியாக இருக்க வேண்டும். பெயர் ஏதாவது மிச்சம் இருந்தால் அது நீங்கள் வைத்ததாக இருக்க வேண்டியதில்லை. லைவ்பேட்ச் (ஓடும் கெர்னலைத் திருத்துவது), கேப்ரோப் (கெர்னலுக்குள் வைக்கும் சோதனைப் புள்ளி), பிபிஎஃப் (கெர்னலுக்குள் ஓடும் சிறு நிரல்கள்) எல்லாம் இதே வாசலைத்தான் பயன்படுத்துகின்றன. வரியில் ‘ஐ’ குறி இருந்தால் ஓட்டத்தையே திருப்பிவிடும் லைவ்பேட்ச் போன்ற ஒன்று. ‘டி’ குறி இருந்தால் பெரும்பாலும் பிபிஎஃப். அவற்றை வைத்தவரைக் கேட்காமல் எஃப்ட்ரேஸ்_எனேபிள்ட் சுவிட்சை (இது மட்டும் /ப்ராக்/சிஸ்/கெர்னல் அடைவில்) அணைக்காதீர்கள்.